திண்ணையில் கற்கும் பாடம்

உத்திரமேரூரில் கி.பி. 921-ஆம் ஆண்டு பொறிக்கப்பெற்ற சோழர் கல்வெட்டு, மது அருந்துதல் முதலிய பெரும்பாவங்களைச் செய்தோரை ஊர்ச்சபையினின்றும் விலக்கியது. மதுவைப் பற்றிய ஊரின் கருத்தை அன்று கல் உரைத்தது. இன்று நம் பிள்ளைகளுக்கு அதனை உரைப்பது எது? வீட்டுத் திண்ணையே!

மது பெரியோர்க்கு உரியது, அதிலும் ஆண்களுக்கு உரியது என்பதைப் பள்ளி செல்லுமுன்னரே குழந்தைகள் அறிந்திருப்பதாக அமெரிக்க, நெதர்லாந்து ஆய்வுகள் காட்டுகின்றன. தமிழகச் சட்டம் 21 வயதுக்குட்பட்டோர்க்கு மது விற்பதைத் தடுக்கிறது. எனினும், தந்தையின் குடிக்குச் சோடா வாங்கி வரும் சிறுவனும், "அப்பா களைத்திருக்கிறார்" என்று தாய் மூடிமறைப்பதைக் கேட்கும் சிறுமியும் கற்கும் பாடம் ஒன்றே: உழைத்த ஆணுக்குக் குடி உரிமை!

பெற்றோரே, அத்தகைய ஏவலுக்குப் பிள்ளைகளை அனுப்பாதீர்கள், தள்ளாடுபவரைக் கண்டு நகையாதீர்கள், உண்மையை மறையாதீர்கள். உழைத்தும் குடியாதவரை அவர்கள்முன் போற்றுங்கள்.