கழுதை கத்தாத கழிமுகம்

சென்னைக் கரையில் கடல் ஏறி இறங்குவது ஏறக்குறைய ஒரு மீட்டர்தான். மெக்சிகோவில், கலிபோர்னியா வளைகுடாவின் வடக்கு மூலையில் அது ஏழு மீட்டரையும் தாண்டும். அந்த மூலையில்தான் கொலராடோ ஆறு கடலில் கலந்தது. 'கலக்கிறது' என்று எழுத முடியவில்லை என்பதுதான் இந்தக் கதை.

ஏறிவரும் ஓதம் குறுகிய கழிமுகத்துக்குள் நுழையும். எதிரே ஆற்று வெள்ளம் தள்ளும். இரண்டும் முட்டிக்கொள்ளும் இடத்தில் தண்ணீர் சுவராக எழுந்து, பேரிரைச்சலோடு ஆற்றை எதிர்த்து மேலே ஓடும். அந்த அலைக்கு உள்ளூர்ப் பெயர் 'எல் புரோ'. ஸ்பானிய மொழியில் கழுதை. செல்லப் பெயர்தானே என்று அலட்சியமாக இருக்க முடியாது. 1922இல் டொபொலொபாம்போ என்ற கப்பலையே அது கவிழ்த்தது, ஏராளமானோர் மாண்டார்கள்.

1935இல் ஹூவர் அணை. 1963இல் அதற்கும் மேலே கிளென் கேன்யன் அணை. ஆற்று நீர் லாஸ் ஏஞ்சலீஸ் குழாய்களுக்கும், பாலைவனத்தில் லெட்யூஸ் கீரை விளையும் வயல்களுக்கும் போயிற்று. எல்லை தாண்டி வந்த மிச்சத்தை மெக்சிகோ தன் வயல்களுக்குத் திருப்பிக்கொண்டது.

கடல் மட்டும் பழைய வழக்கத்தை விடவில்லை. இன்றும் நாளுக்கு இரு முறை ஏறுகிறது. எதிர்த்து நிற்க ஆள்தான் இல்லை. முன்பெல்லாம் வெள்ளம் வந்து கழிமுகத்தை வாரிச் சுத்தம் செய்யும். இப்போது ஓதம் சுமந்து வரும் சேறு அங்கேயே படிந்து வழியைத் தூர்த்துவிட்டது. கழுதையும் அடங்கிவிட்டது. பொதுவாகக் கழிமுகத்தில் உள்ளே போகப் போக உப்பு குறையும். இங்கோ வெயில் நீரை உறிஞ்ச, உள்ளே போகப் போகக் கரிக்கிறது.

கரையோரத் திட்டுகளில் கால் வைத்தால் நறநறவென்று நொறுங்குபவை மட்டி ஓடுகள். ஆற்று நீர் கலந்த கடலில் செழித்த மட்டி அது. ஆயிரம் ஆண்டுகளில் சேர்ந்தவை குறைந்தது 2 லட்சம் கோடி என்று 2000ஆம் ஆண்டில் ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். உயிருள்ள ஒன்றைக் கண்டுபிடிப்பதுதான் சிரமம்.

2014 மார்ச் 23 அன்று அமெரிக்காவும் மெக்சிகோவும் பேசி முடிவெடுத்து எல்லையில் இருக்கும் மொரேலோஸ் அணையைத் திறந்தன. திறந்துவிட்டது 13 கோடி கன மீட்டர்; நம் கணக்கில் நாலரை டிஎம்சி. சான் லூயிஸ் ஊரில் பாலத்தடியில் மணலாகக் கிடந்த படுகைக்குத் தண்ணீர் வந்ததும் ஊரே இறங்கிக் குளித்தது. தங்கள் ஊர் ஆற்றில் தண்ணீர் ஓடிப் பார்த்திராத பிள்ளைகள் அங்கே நிறைய. மே 15 அன்று அந்த நீர் ஓதத்தைத் தொட்டது. மூன்று நாள் கழித்து மதகை மூடினார்கள்.