விளக்கு விழுங்கும் விண்மீன் திரள்

சித்திரை பிறக்கும் நாட்களில், இரவு ஒன்பது மணிவாக்கில், திருச்சிக்குத் தெற்கே உள்ள கீரனூருக்கு நேர் உச்சியிலிருந்து சற்றுத் தெற்கே என்.ஜி.சி. 3115 நிற்கும். 1787-ல் கண்டறியப்பட்ட அந்த வில்லை வடிவ விண்மீன் திரள் வெறுங்கண்ணுக்குத் தெரியாது. இருட்டு மட்டும் இருந்தால் சிறிய தொலைநோக்கியே போதும். தொலைவு ஏறத்தாழ 3 கோடி ஒளியாண்டு. மையத்திலுள்ள, சூரியனைப்போல் நூறு கோடி மடங்கு நிறையை நெருங்கும் கருந்துளையைப் பற்றி எழுதினால்தான் பரபரப்பு; அது கிடக்கட்டும். வில்லை வடிவத் திரள் ஆப்பம் மாதிரி: நடுவில் தடிப்பு, சுற்றிலும் மெல்லிய தட்டு. சுருள் கரங்கள் கிடையாது. வாயு பெரும்பாலும் தீர்ந்துவிட்டதால் புது விண்மீன்கள் பிறப்பது அரிது. அந்த வாயு அண்டைத் திரள்களின் நெருக்கடியில் உரிக்கப்பட்டதா, மோதலில் செலவானதா, தானே தீர்ந்ததா என்ற வழக்கு இன்னும் முடியவில்லை. திரள்கள் நெருங்கிக் கிடக்கும் கூட்டங்களில் இவ்வகை அதிகம் தென்படுவதால், முதல் கட்சிக்குக் கொஞ்சம் வலு உண்டு.

ஆனால் இவ்வகை எங்கே அதிகம் என்ற அந்தக் கணக்கே மங்கலான தட்டைப் பார்க்க முடிகிறதா என்பதைப் பொறுத்தது. என்.ஜி.சி. 3115 நமக்கு விளிம்பைக் காட்டி நிற்பதால் பிழைத்தது. முகம் காட்டி நிற்கும் திரளில் தட்டு மறைந்தால் நடுத்தடிப்பு மட்டுமே மிஞ்சும். அதை நீள்வட்டத் திரள் என்று எழுதிவிட வாய்ப்புண்டு. தட்டை மறைப்பதில் ஊர் வெளிச்சத்துக்கும் பங்குண்டு. விண்மீன் ஒரு புள்ளி, அந்த வெளிச்சத்தைத் தாண்டியும் ஓரளவு தெரியும். பரந்து கிடக்கும் தட்டின் ஒளியோ வானத்தின் வெளுப்பில் கரைந்துவிடும். வெள்ளை எல்.இ.டி. விளக்கின் நீல ஒளி காற்றில் அதிகம் சிதறுவதால் வெளுப்பும் கூடுகிறது. ஜவ்வாது மலையில், காவலூரில், 1986 முதல் 2.3 மீட்டர் தொலைநோக்கி இயங்குகிறது. மழைக்காலம் பறிக்கும் இரவுகள் போதாதென்று அடிவார ஊர்களின் வெளிச்சமும் அங்கே ஏறிவருகிறது.

தெருவிளக்கு இல்லாமல் பெண்கள் எப்படிப் பேருந்து நிலையத்திலிருந்து வீடு திரும்புவது என்பது நியாயமான கேள்வி. விளக்கை அணைக்கச் சொல்லவில்லை. மேல்பக்கம் மூடி, மஞ்சள் ஒளியைச் சாலைமீது மட்டும் விழவைத்தால் நடப்பவருக்குக் கண்கூச்சமும் குறையும். விண்வெளித் தொலைநோக்கிகள் இருக்கும்போது ஊர் வானம் எதற்கு என்பவர்களும் உண்டு. அவற்றின் நேரத்துக்கு ஆய்வாளர்களே போட்டிபோட்டு விண்ணப்பிக்கிறார்கள். கீரனூர்ப் பள்ளி மாணவிக்கு இருப்பது தலைக்கு மேலுள்ள வானம்தான். வடக்கே திருச்சி வெளிச்சத்தைத் தடுக்க இந்த ஊரால் முடியாது, தன் உயர்கோபுர மின்விளக்கைக் கீழ்நோக்கித் திருப்ப முடியும்.