வண்டியின் நோய் அறிதல்



மதுரையிலிருந்து தேனிக்குச் செல்லும் சாலையில் மேற்கு நோக்கிச் சில கல் தொலைவு சென்றால், நாகம் ஒன்று நீட்டிப் படுத்தாற்போல் ஒரு குன்றுத்தொடர் தோன்றும். அதன் அடிவாரத்தில் அமைந்த நாகமலை புதுக்கோட்டையே என் ஊர். விடியற்காலை மூன்று மணிக்கு என் வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருந்தால், சாலையில் சிறு சரக்கு வண்டிகள் வரிசையாகச் செல்லும் ஒலி கேட்கும். உசிலம்பட்டி, செக்கானூரணிப் பக்கத்து மல்லிகையும் காய்கறியும் தேங்காயும் அவ்வண்டிகளில் மதுரைக்குச் செல்கின்றன. 2005-ஆம் ஆண்டில் டாட்டா நிறுவனம் ‘ஏஸ்’ என்னும் சிறு வண்டியைக் கொண்டு வந்தது. நம் மக்கள் அதற்குக் ‘குட்டியானை’ என்று பெயர் சூட்டினர். 2011-இல் அசோக் லேலண்டின் ‘தோஸ்த்’ வண்டி ஓசூரிலிருந்து வந்து சேர்ந்தது. இன்று இத்தகைய வண்டி ஒன்றை நம்பிப் பிழைக்கும் குடும்பங்கள் எங்கள் பகுதியில் பல.

நான் வண்டி பழுது பார்ப்பவன் அல்லேன். ஓய்வு பெற்ற தலைமையாசிரியன். ஆயினும் இப்பொருளைப் பற்றிப் பேச எனக்கு ஒரு காரணம் உண்டு. என் தம்பி மகன் வங்கிக் கடனில் ஒரு சரக்கு வண்டி வாங்கினான். அக்கடனுக்குப் பிணையாகக் கையொப்பம் இட்டவன் நான். ஆதலால் அவ்வண்டி ஒரு நாள் நின்றாலும் அவனுக்கு உறக்கம் கெடும், எனக்கும் கெடும். அவனோடு சேர்ந்து நானும் கற்றுக்கொண்ட சிலவற்றையே இன்று உங்களிடம் கூற விரும்புகிறேன்.

முதலில் முறையைச் சொல்லுகிறேன். நோயையும், நோய்க்கு முதற்காரணத்தையும், அதனைத் தணிக்கும் வழியையும் வரிசையாக ஆராய வேண்டும் என்று வள்ளுவர் ‘மருந்து’ என்னும் அதிகாரத்தில் கூறுகிறார். வண்டிக்கும் அதுவே நெறி. வண்டி நின்றவுடன் எந்த உறுப்பை மாற்றுவது என்று கேட்பது தவறு. எது நடக்கிறது, எது நடக்கவில்லை என்று கேட்பதே சரி. எளியதை முதலிலும் அரியதைப் பின்னரும், செலவில்லாததை முதலிலும் செலவுள்ளதைப் பின்னரும் பார்க்க வேண்டும்.

இதற்கு எங்கள் வீட்டு அனுபவம் ஒன்றைக் கூறுகிறேன். ஒரு நாள் வைகறையில் பூ மூட்டைகளை ஏற்றிக்கொண்டு புறப்பட வேண்டிய வண்டி கிளம்பவில்லை. சாவியைத் திருப்பினால் ‘டக், டக்’ என்ற ஓசை மட்டும் வந்தது. முன்விளக்கு எரிந்தது, ஹாரன் ஒலித்தது. பட்டறையில் காட்டினான். விளக்கு எரிவதால் பாட்டரி நன்றாக இருக்கிறது என்றும், ஆகவே செல்ப் மோட்டார்தான் கெட்டுவிட்டது என்றும் கூறி, அதனை மாற்றிவிட்டார்கள். ஒரு மாதத் தவணையில் பாதி அதற்கே போயிற்று. எட்டாம் நாள் வண்டி மீண்டும் அதேபோல் நின்றது. அன்றைய பூ மாட்டுத்தாவணிச் சந்தைக்கு வெயில் ஏறிய பின்னரே போய்ச் சேர்ந்தது. மல்லிகை மொட்டாக இருக்கும்வரைதான் அதற்கு விலை. மலர்ந்த பின் கேட்பார் இல்லை.

உண்மையான குற்றம் எங்கே இருந்தது? பாட்டரியின் எதிர்முனையிலிருந்து வண்டியின் உடலோடு சேரும் ‘எர்த்’ கம்பியின் மரைக்குக் கீழே துரு ஏறியிருந்தது. உப்புத்தாளும் ஒரு ஸ்பானரும் அரை மணி நேரமும் போதுமானவையாக இருந்தன.

விளக்கு எரிந்ததே என்று கேட்கலாம். ஒரு வாய்க்காலில் பெரிய அடைப்பு இருப்பதாக எண்ணுங்கள். இடுக்கு வழியே கசிந்து வரும் நீர் ஒரு குடத்தை நிரப்பப் போதும். ஒரு வயலை நனைக்கப் போதாது. விளக்குக்கு வேண்டிய மின்னோட்டம் சில ஆம்பியர்களே. செல்ப் மோட்டாருக்கோ நூற்றுக்கணக்கில் வேண்டும். துருப்பிடித்த இணைப்பு முன்னதை விடும், பின்னதைத் தடுக்கும். ஆகவே ‘டக், டக்’ ஓசை கேட்டால் முதலில் பாட்டரி முனைகளைப் பாருங்கள். வெண்மையாகவோ பச்சையாகவோ உப்புப் பூத்திருந்தால், எதிர்முனைக் கம்பியை முதலில் கழற்றி, சமையல் சோடா கரைத்த வெந்நீரால் கழுவித் துடைத்து, இறுக்கிப் பூட்டி, சிறிது வாசலின் தடவுங்கள். நன்றாக மின்னேறிய பாட்டரி, வண்டி ஓய்ந்திருக்கும்போது ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும். எஞ்சின் ஓடும்போது ஏறத்தாழ 14 வோல்ட் காட்ட வேண்டும். காட்டவில்லையாயின், மின்னேற்றும் ஆல்டர்நேட்டரையோ அதனைச் சுழற்றும் பெல்ட்டையோ ஐயுற வேண்டும். நீர் ஊற்றும் வகைப் பாட்டரியானால் காய்ச்சி வடித்த நீரையே ஊற்றுக. நம் ஊர்க் கிணற்றின் உப்புநீர் அதற்கு நஞ்சு.

இனி, செல்ப் நன்றாகச் சுழல்கிறது. எஞ்சின் மட்டும் பற்றவில்லை என்று கொள்வோம். இது வேறு நோய். டீசல் எஞ்சினில் தீப்பொறி கொடுக்கும் பிளக் கிடையாது. ருடால்ப் டீசல் என்னும் ஜெர்மானியப் பொறியியலாளர் 1892-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த கருத்து இது: காற்றை மிகுதியாக அழுத்தினால் அது சூடேறும், அச்சூட்டில் எண்ணெய் தானே பற்றிக்கொள்ளும். மிதிவண்டிக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சுடுவதை நீங்கள் தொட்டு அறிந்திருப்பீர்கள். ஆதலால் டீசல் எஞ்சின் பற்றாதபோது காற்றும் எண்ணெயும் ஒழுங்காக வருகின்றனவா என்பதே கேள்வி. தொட்டியில் எண்ணெய் உண்டா? வடிகட்டியின் அடியில் நீர் தங்கியிருக்கிறதா? தொட்டி முழுதும் வற்றும்வரை ஓட்டியதால் குழாயில் காற்று புகுந்துவிட்டதா? காற்று புகுந்திருந்தால், வடிகட்டியின் அருகில் உள்ள கைப்பம்பை அது இறுகும்வரை அழுத்திக் காற்றை வெளியேற்றலாம். ஆனால் ஓர் எச்சரிக்கை. இக்காலத்து எஞ்சின்களில் டீசல் ஆயிரம் பார் அளவைத் தாண்டிய அழுத்தத்தில் பாய்கிறது. அக்குழாய்களைச் சாலையோரத்தில் தளர்த்தக் கூடாது. பீறிடும் எண்ணெய் ஊசிபோல் தோலைத் துளைத்து உள்ளே செல்லும். அதுபோலவே, 2020 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த பி.எஸ். 6 விதிகளின்படி அமைந்த வண்டிகளில், எஞ்சின் விளக்கு எரிந்தால் கணிப்பொறிக் கருவி உள்ள பட்டறைக்கே கொண்டு செல்வது நன்று. எதைத் தொடலாம் என்பதோடு எதைத் தொடக் கூடாது என்பதையும் அறிந்திருக்க வேண்டும்.

அடுத்தது சூடு. கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து திராட்சை ஏற்றிக்கொண்டு ஆண்டிப்பட்டிக் கணவாய் ஏறும் வண்டிகள், சித்திரை வெயிலில் மூடியைத் திறந்துகொண்டு ஓரமாக நிற்பதைப் பார்த்திருக்கிறேன். சூட்டுமுள் ஏறினால் உடனே வண்டியை நிறுத்துங்கள். ஆனால் ரேடியேட்டர் மூடியை உடனே திறவாதீர்கள். அந்த மூடி உள்ளே அழுத்தத்தைக் காத்து நிற்கிறது. அழுத்தம் மிகுந்த நீர் நூறு பாகையில் கொதிப்பதில்லை. அதற்கு மேலும் சூடேறி அடங்கியிருக்கும். மூடியைத் திறந்தவுடன் அழுத்தம் நீங்கிக் கொதித்துப் பொங்கி, முகத்திலும் மார்பிலும் பாயும். அரை மணி நேரமேனும் ஆறவிட்டு, கனத்த துணியைப் போர்த்தி, மெல்லத் திருகித் திறக்க வேண்டும். காய்ந்த எஞ்சினில் குளிர்ந்த நீரை ஊற்றினால் இரும்பு வெடிக்கக்கூடும். ஆறிய பின் குழாய்களில் கசிவு உண்டா, பெல்ட் தளர்ந்ததா, விசிறி சுழல்கிறதா, ரேடியேட்டரின் இடுக்குகளில் வைக்கோலும் தூசியும் அடைந்துள்ளனவா என்று பார்க்க வேண்டும். நம் பக்கத்தில் பெரும்பாலும் தூசியே குற்றவாளி.

புகைபோக்கியையும் கவனியுங்கள். கரும்புகை வந்தால் எண்ணெய் மிகுதி அல்லது காற்று குறைவு. காற்று வடிகட்டியைத் தட்டித் தூய்மை செய்தாலோ மாற்றினாலோ பெரும்பாலும் தீரும். நீலப்புகை வந்தால் எஞ்சின் ஆயிலே எரிகிறது. எஞ்சின் சூடேறிய பின்னும் வெண்புகை நீங்கவில்லையாயின், குளிர்விக்கும் நீர் எரியறைக்குள் கசிகிறதா என்று பார்க்க வேண்டும். பின்னவை இரண்டும் பட்டறை வேலைகள்.

இனிக் கூறப்போவது பிரேக்கைப் பற்றியது. இதனைச் சற்று விரிவாகக் கூற வேண்டியிருக்கிறது. என் குற்றமும் இதில் உண்டு.

பிரேக் மிதியை அழுத்தினால், குழாயில் உள்ள திரவம் அவ்வழுத்தத்தைச் சக்கரங்களுக்குக் கொண்டு செல்கிறது. திரவம் எளிதில் சுருங்குவதில்லை, காற்று சுருங்கும். ஆகவே குழாயில் காற்று புகுந்தால் மிதி பஞ்சுபோல் மெத்தென்று இறங்கும். மிதித்தபடியே வைத்திருக்கும்போது மெல்ல மெல்லக் கீழிறங்கினால், எங்கேயோ கசிவு உண்டு. அல்லது மாஸ்டர் சிலிண்டரின் ரப்பர் தேய்ந்துவிட்டது. மிதி கல்போல் இறுகினால், துணைபுரியும் பூஸ்டரில் குறை. வண்டி ஒரு பக்கமாக இழுத்தால், ஒரு சக்கரத்தின் பிரேக் மற்றதைப்போல் பிடிக்கவில்லை. பாஸ்கல் விதி என்று இதனை ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதிக் கற்பித்தவன் நான்.

ஒரு நாள் மாலை என் தம்பி மகன் வந்து, “பெரியப்பா, பிரேக் ஆயில் குறைந்திருந்தது, ஊற்றிவிட்டேன்” என்றான். மறுநாளும் அவ்வாறே கூறினான். மூன்றாம் நாளும் கூறினான். “நாள்தோறும் பார்க்கிறாயே தம்பி, மிக நன்று” என்று நான் பாராட்டினேன். அந்த ஆயில் எங்கே போகிறது என்று அவனை நான் கேட்கவில்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக மாணவர்களிடம் ‘ஏன்’ என்று கேட்கச் சொன்னவன், வேண்டிய இடத்தில் கேட்கத் தவறினேன்.

நான்காம் நாள், பள்ளி விட்ட நேரம். சாலை நெடுகப் பிள்ளைகள். பாரத்தோடு வந்த வண்டியின் மிதி தரைவரை இறங்கிவிட்டது. அவன் மிதியை விட்டு விட்டு விரைந்து பலமுறை அழுத்தினான். கியரைப் படிப்படியாகக் குறைத்தான். கைப்பிரேக்கைச் சிறிது சிறிதாக இழுத்தான். கட்டட வேலைக்காகக் கொட்டியிருந்த மணற்குவியலில் வண்டியை ஏற்றி நிறுத்தினான். இக்காலத்து வண்டிகளில் பிரேக் குழாய்கள் இரு தனிப் பாதைகளாக அமைந்துள்ளன. ஒன்று வற்றினாலும் மற்றொன்று ஓரளவு பிடிக்கும். அன்று அதுவே காத்தது. யாருக்கும் தீங்கு இல்லை. நான் ஓடிச்சென்று பார்த்தபோது, அவன் வண்டியின் சக்கரத்தருகே அமர்ந்திருந்தான். அவன் கை நடுங்கிக்கொண்டிருந்தது. பின்சக்கரம் ஒன்றின் உட்புறம் ஈரமாக இருந்தது. மூன்று நாள் ஊற்றிய ஆயில் அங்கேதான் கசிந்திருந்தது.

நேயர்களே, பிரேக் ஆயில் தானாகச் செலவாகும் பொருள் அன்று. லைனிங் தேயத் தேயப் பல மாதங்களில் அதன் மட்டம் சிறிது இறங்கும், அஃது இயல்பு. நாள்தோறும் இறங்கினால் அது கசிவேயாகும். அப்போது ஊற்றுவது மருந்தன்று, நோயை மறைப்பது. வண்டியை ஓட்டாமல் நிறுத்திவிட வேண்டும். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. ஆகவே இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றுவது முறை. எஞ்சின் ஆயிலை அதில் ஊற்றினால் ரப்பர் உறுப்புகள் உப்பிக் கெடும். மலைப்பாதையில் இறங்கும்போது ஏறிய கியரிலேயே இறங்குங்கள். பிரேக்கை மட்டுமே நம்பி இறங்கினால் அது காய்ந்து பிடிப்பை இழக்கும்.

பல நோய்களுக்கு ஒரே தாய் உண்டு, அது மிகைப்பாரம். முக்கால் டன் ஏற்றத்தக்க வண்டியில் ஒன்றரை டன் ஏற்றினால், ஸ்பிரிங் பட்டை தட்டையாகும், டயர் சூடேறும், கிளட்ச் வழுக்கும், நிற்க வேண்டிய தொலைவு நீளும். அன்றைய வாடகை இரட்டிப்பாகும் என்பது மெய்தான். அந்த மிகுதி, பின்னர்ப் பட்டறைக்கே போய்ச் சேர்கிறது. டயரின் இரு ஓரங்களும் தேய்ந்தால் காற்று குறைவு. நடுப்பகுதி தேய்ந்தால் காற்று மிகுதி. ஒரு பக்கம் மட்டும் தேய்ந்தால் சக்கரங்களின் நேர்மை கெட்டிருக்கிறது. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டியின் அடியில் ஒருபோதும் புகாதீர்கள். கனத்த மரக்கட்டையேனும் முட்டுக் கொடுங்கள்.

நம் மதுரைக்கு மோட்டார்த் தொழிலில் பழைய பெருமை உண்டு. டி. வி. சுந்தரம் ஐயங்கார் 1911-இல் தொடங்கிய நிறுவனம் பேருந்துகளை ஓட்டிப் புகழ் பெற்றது. இரண்டாம் உலகப் போரின்போது பெட்ரோல் கிடைக்காமற் போகவே, கரிவாயுவால் வண்டியை ஓட்டும் கலத்தை அந்நிறுவனம் அமைத்தது. இல்லாத பொருளுக்காக ஏங்காமல், காரணம் அறிந்து வழி கண்டவர்கள் அவர்கள்.

இப்போது என் தம்பி மகன் பொழுது விடியுமுன் ஐந்து நிமிடம் செலவிடுகிறான். எஞ்சின் ஆயில், கூலண்ட், பிரேக் ஆயில், டயர், பாட்டரி முனை, வண்டி நின்ற இடத்தில் தரையில் ஈரம்: இந்த ஆறையும் பார்க்கிறான். ஒரு சிறு குறிப்பேட்டில் தேதியிட்டு எழுதியும் வைக்கிறான். ஞாயிறுதோறும் அக்குறிப்பேட்டை நான் வாங்கிப் படிக்கிறேன். ஒரு வரிக்கு மேல் இரண்டாம் முறை ‘ஊற்றினேன்’ என்று இருந்தால், ஏன் என்று கேட்கிறேன். கடனில் இன்னும் பதினொரு தவணைகள் உள்ளன. உங்கள் வீட்டிலும் ஒரு வண்டி இருக்குமாயின், நாளைக் காலையில் அது நின்ற தரையை ஒருமுறை குனிந்து பாருங்கள்.