இன்னொரு பையன்

சிறகும் மண்ணும் – 9

சென்ற வாரம் கல்கத்தாவில் பிறந்த இந்திரலால் ராயைப் பார்த்தோம். 1918 ஜூலை 22 அன்று, 19 வயதில், பிரான்ஸ் வானத்தில் சுட்டு வீழ்த்தப்பட்டவர். இந்த வாரம் வருகிற இருவருக்கும் அதே வயதுதான். ஆனால் இவர்களை எந்த எதிரியும் சுடவில்லை.

ஓமலூர் பக்கம் ஒரு சேகோ ஆலைக் களத்தில் நின்றிருந்தேன். கமலாபுரம் விமான நிலையத்திலிருந்து கிளம்பிய சின்னப் பயிற்சி விமானம் ஒன்று தலைக்கு மேல் வட்டமடித்தது. ஜவ்வரிசியைக் கிளறிக்கொண்டிருந்த அம்மா, நெற்றியில் கை வைத்து அண்ணாந்து பார்த்தார். "யார் பெத்த புள்ளையோ, பத்திரமா எறங்கோணும்" என்றவர், மறுபடி குனிந்துகொண்டார்.

அப்படிப் பத்திரமாக இறங்காத இருவரின் கதை இது. 1941 டிசம்பர் 11. இங்கிலாந்தின் லிங்கன்ஷயர். ஜான் கில்லஸ்பி மகீ, அமெரிக்கப் பாதிரியாரின் மகன். தன் நாடு இரண்டாம் உலகப் போரில் இறங்கும் முன்பே கனடா விமானப்படையில் சேர்ந்தவர். அன்று மேகத்தில் ஓர் இடைவெளி தெரிய, கூட வந்த ஸ்பிட்ஃபயர் போர் விமானங்களோடு அதன் வழியே இறங்கினார். கீழே, சுமார் 1,400 அடி உயரத்தில், கிரான்வெல் பயிற்சிப் பள்ளியின் ஆக்ஸ்ஃபோர்டு விமானம் வந்துகொண்டிருந்தது. இரண்டும் மோதின. ஸ்பிட்ஃபயரின் மூடியைத் தள்ளிக்கொண்டு ஒருவர் எழுந்து குதித்ததை ஒரு விவசாயி பார்த்தார். பாராசூட் விரிய அந்த உயரம் போதவில்லை.

மகீயை உலகத்துக்குத் தெரியும். சில மாதங்களுக்கு முன் பெற்றோருக்கு எழுதிய கடிதத்தில் 'ஹை ஃப்ளைட்' என்ற 14 வரிக் கவிதையை அனுப்பியிருந்தார். 1986-ல் சேலஞ்சர் விண்கலம் வெடித்த அன்று, அதிபர் ரீகன் தன் உரையை அந்தக் கவிதையின் சொற்களால்தான் முடித்தார்.

ஆக்ஸ்ஃபோர்டை ஓட்டிய பையன்? எர்னஸ்ட் ஆப்ரி கிரிஃபின், பயிற்சி மாணவர். விமானத்தில் தனியாக இருந்தார், அவரும் பிழைக்கவில்லை. மகீயின் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் "ஒரு பயிற்சி விமானத்துடன் மோதி" என்பதோடு அவரைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். கவிதை எனக்கும் பிடிக்கும். ஆனால் எழுதத் தெரிந்தவனுக்கு மட்டும்தான் நினைவில் இடமா? செங்கம் பக்கத்து எடுத்தனூர் நடுகல்லில், வீரனுக்குப் பக்கத்தில், கள்வரைக் கடித்த அவன் நாயையும் பெயரோடு பொறித்திருக்கிறார்கள் நம் ஆட்கள்.

கிரிஃபினைப் போலப் போனவர்கள் ஏராளம். பிரிட்டனின் குண்டுவீச்சுப் படைப்பிரிவு அந்தப் போரில் 55,573 பேரை இழந்தது; அதில் சுமார் 8,000 பேர் பயிற்சியிலும் விபத்திலும் போனவர்கள். நம் பையன்களும் அதே காலத்தில் பேகம்பேட்டையிலும் ஜோத்பூரிலும் டைகர் மாத் பயிற்சி விமானம் ஏறிப் பழகி, மேல்பயிற்சிக்கு அம்பாலாவுக்குப் போனார்கள்.

சேலம், நாமக்கல் பக்கம் யார் வீட்டுப் பரணிலாவது விமானப்படை உடுப்பில் ஒரு தாத்தாவின் படம் கிடக்கலாம். கிடைத்தால் ஒரு பென்சில் எடுத்து, படத்தின் பின்பக்கம் அவர் பெயர், ஊர், வருடம் மூன்றையும் எழுதி வையுங்கள். விவரம் தெரிந்த பெரியவர் வீட்டில் இருக்கும்போதே எழுதிவிடுங்கள்.