நெடும்பட்டைத் திரை: மாட்டுவதற்கு எளிதாய் அமைப்பது எப்படி?

நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றின் கணக்குகளைப் பார்வையிடச் சென்றிருந்தபோது, வரவேண்டிய பாக்கிப் பட்டியலில் ஒரு மாணவர் விடுதியின் பெயருக்கு நேரே பெருந்தொகை ஒன்று நிற்பதைக் கண்டோம். நாற்பது ஜன்னல்களுக்கு நெடும்பட்டைத் திரைகள் அனுப்பிய வகையில் வரவேண்டிய தொகை அது. கடைக்காரர்கள் இத்திரையை 'வெர்டிகல் பிளைண்டு' என்பர். அனுப்பிய துணி நல்ல துணி, சாயம் கெட்டிச் சாயம், விலையும் நியாயமானதே. ஆயினும் பணம் வரவில்லை.

காரணம் கேட்டோம். செயலாளர் ஒரு கடிதத்தை எடுத்து வைத்தார். துணி வேறு, கொக்கி வேறு, எடைத்தகடு வேறு, சங்கிலி வேறாக மூட்டை மூட்டையாய் வந்து சேர்ந்தனவாம். எதை எதில் கோப்பது என்று விளங்காமல் விடுதி ஆட்கள் திகைத்தனராம். எப்படியோ மாட்டிய திரைகளிலும் சில பட்டைகள் மூடின, சில மூடவில்லை. சில தரையைத் தொட்டன, சில எட்டவில்லை. எல்லாம் சரியாகும்வரை பட்டியல் தொகை நிறுத்தி வைக்கப்படும் என்று கடிதம் முடிந்தது.

தறியில் உழைத்த அங்கத்தினர்களுக்குக் கூலியை நிறுத்தி வைக்க இயலுமா? சங்கம் காசுக்கடன் கணக்கிலிருந்து பணம் எடுத்துக் கூலி கொடுத்தது. வட்டி மாதாமாதம் ஏறியது. வருட முடிவில் போனஸ் என்ற பேச்சே எழவில்லை. யானை நுழைந்த வாசலில் வால் சிக்கிய கதையாக, இத்தனை பேருடைய உழைப்பு சில கிராம் எடையுள்ள ஒரு கொக்கியில் சிக்கி நின்றது.

கைத்தறித் துணியை மீட்டர் கணக்கில் விற்பதைவிட, முடிந்த பொருளாக்கி விற்பது அதிக வருமானம் தரும் என்பதை அங்கத்தினர்கள் நன்கறிவார்கள். ஆனால் முடிந்த பொருள் என்பது வாங்குபவர் வீட்டுச் சுவரில் சரியாக நிற்கும்போதுதான் முடிகிறது. ஆதலின் இத்திரையை எளிதில் மாட்டுமாறு அமைக்கும் முறையை இங்கே விளக்க முற்படுகிறோம்.

திரை இயங்கும் விதம்

ஜன்னலுக்கு மேலே அலுமினியத்தாலான ஒரு சட்டம். அதற்குள் நெடுகிலும் ஒரு சுழல்தண்டு. தண்டின்மேல் வரிசையாக நகரும் சிறு ஓடிகள். இவற்றை வியாபாரிகள் 'ரன்னர்' என்பர். ஒவ்வோர் ஓடியின் அடியிலும் ஒரு கொக்கி. கொக்கியில் தொங்குவது துணிப்பட்டை. பட்டையின் மேல் முனையில் கொக்கி மாட்டும் துளையுள்ள பிளாஸ்டிக் தகடும், கீழ் முனையில் பட்டை நேராக நிற்பதற்கான எடைத்தகடும் உண்டு. பட்டைகள் காற்றில் அலையாதிருக்க, எடைத்தகடுகளை முன்னும் பின்னுமாக இரண்டு மணிச்சங்கிலிகள் இணைக்கும்.

கைக்கோலைத் திருகினால் சுழல்தண்டு சுழலும். ஓடிக்குள் இருக்கும் திருகுப்பல் தண்டுடன் சேர்ந்து சுழன்று, அதனோடு பொருந்திய சக்கரப்பல்லைத் திருப்பும்; கொக்கி திரும்பும்; பட்டையும் திரும்பும். திருகுப்பல் சக்கரப்பல்லைத் திருப்புமேயன்றி, சக்கரப்பல் திருகுப்பல்லைத் திருப்பாது. எனவேதான் வைத்த நிலையிலேயே பட்டை நிற்கிறது.

பட்டைகள் பெரும்பாலும் 127 மில்லிமீட்டர் அல்லது 89 மில்லிமீட்டர் அகலத்தில் செய்யப்படுகின்றன. அகலத்தைத் தேர்ந்தெடுக்கும்போதே மாட்டும் வேலையின் அளவும் நிர்ணயமாகிவிடுகிறது. 1,800 மில்லிமீட்டர் அகலமுள்ள ஜன்னலை எடுத்துக்கொள்வோம். 127 மில்லிமீட்டர் பட்டைகள் ஒன்றின்மேல் ஒன்று 12 மில்லிமீட்டர் படியுமாறு நின்றால் 16 பட்டைகள் போதும். 89 மில்லிமீட்டர் பட்டைகள் 11 மில்லிமீட்டர் படியுமாறு நின்றால் 23 பட்டைகள் வேண்டும். ஜன்னல் ஒன்றே, வேலையோ ஏறத்தாழ ஒன்றரை மடங்கு.

மூன்று கேள்விகள்

பொருளை எளிதில் கோக்குமாறு வடிவமைப்பது தனியொரு சாஸ்திரமாகவே வளர்ந்திருக்கிறது. அமெரிக்காவில் ஜெஃப்ரி பூத்ராய்டு, பீட்டர் டியூஹர்ஸ்ட் என்னும் இரு பேராசிரியர்கள் இதனை முறைப்படுத்தினர். அதற்காக 1991-ஆம் ஆண்டில் அந்நாட்டின் தேசியத் தொழில்நுட்பப் பதக்கம் அவ்விருவருக்கும் வழங்கப்பட்டது.

அவர்கள் முறையின் உயிர்நாடி மூன்று கேள்விகளாகும். ஒரு பொருளின் ஒவ்வோர் உறுப்பையும் கையிலெடுத்து இவ்வாறு கேட்க வேண்டும். இவ்வுறுப்பு மற்ற உறுப்புகளிலிருந்து விலகி அசைய வேண்டியதா? வேறொரு பொருளால்தான் இதனைச் செய்தாக வேண்டுமா? இது தனியாக இராவிடில் மற்றவற்றைக் கோக்கவோ கழற்றவோ இயலாது போகுமா? மூன்றுக்கும் 'இல்லை' என்று விடை வந்தால் அவ்வுறுப்பை அடுத்ததோடு சேர்த்துவிடலாம். அல்லது நீக்கியே விடலாம்.

இக்கேள்விகளை நம் திரையிடம் கேட்டுப் பார்ப்போம். துணிக்கும் எடைத்தகட்டிற்கும் இடையே அசைவு எதுவும் இல்லை. துணி கனமாகாது; ஆதலின் எடைத்தகடு வேறு பொருளாகத்தான் இருக்க வேண்டும். எனினும் அதனை வாங்குபவர் கையில் தனியாகக் கொடுக்க வேண்டியதில்லை. கீழ் மடிப்புக்குள் வைத்துச் சங்கத்திலேயே தைத்து மூடிவிடலாம். மேல்முனைத் தகட்டுக்கும் இதே விதி. மணிச்சங்கிலிக்கு வருவோம். எடை போதுமானதாகவும், அறையில் காற்று கடுமையில்லாததாகவும் இருந்தால் சங்கிலியே தேவையில்லை. சங்கிலியில்லாத திரைகள் இன்று வழக்கத்தில் உள்ளன.

இதனால் விளையும் சிக்கனத்தைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். விடுதிக்குச் சென்ற திரையில், ஜன்னல் ஒன்றுக்குத் தகடு செருகுதல் 16, எடை செருகுதல் 16, பட்டையைத் தொங்கவிடுதல் 16, சங்கிலி கோத்தல் 32. ஆக 80 வேலைகள். நாற்பது ஜன்னல்களுக்கு 3,200. தகட்டையும் எடையையும் தைத்து, சங்கிலியை நீக்கி அனுப்பியிருந்தால் ஜன்னல் ஒன்றுக்குப் பட்டையைத் தொங்கவிடும் 16 வேலைகளே மிஞ்சும். நாற்பதுக்கும் சேர்த்து 640. தைக்கும் வேலை மறைந்துவிடவில்லை, உண்மைதான். ஆனால் அது விடுதியின் ஏணியடியிலிருந்து, பழகிய கைகளும் தையல் இயந்திரமும் உள்ள நம் சங்கக் கட்டடத்திற்கு வந்துவிடுகிறது. அதற்குரிய கூலியும் நம் அங்கத்தினர் குடும்பத்திற்கே வருகிறது.

பிழைக்கு இடங்கொடாத அமைப்பு

ஜப்பானில் டொயோட்டா தொழிற்சாலைகளில் பணியாற்றிய ஷிகேயோ ஷிங்கோ என்பவர் 1960-களில் ஓர் உபாயத்தைப் பரப்பினார். ஊழியரிடம் 'கவனமாயிரு' என்று சொல்லிக்கொண்டிராமல், தவறாகக் கோக்கவே முடியாதபடி பொருளை அமைத்துவிடு என்பதே அதன் சாரம். அங்கே இதனைப் 'போகா-யோகே' என்பர்.

நெடும்பட்டைத் திரையில் நேரக்கூடிய பிழைகள் முக்கியமாக இரண்டு. முதலாவது, ஓடிகளின் கொக்கிகள் ஒரே திசையை நோக்காமல் நிற்பது. ஒரு கொக்கி மாறி நின்றாலும் அந்தப் பட்டை மட்டும் மூடாது. கையால் பிடித்துத் திருப்பினாலோ கொக்கி முறியும். இதற்குப் பரிகாரம், தானே நேராகும் ஓடிகளை வாங்குவதாகும். இவ்வகையில் கொக்கி தன் எல்லையை முட்டியதும் உள்ளிருக்கும் பிடி வழுக்கிக் கொடுக்கும். கைக்கோலை ஒரு பக்கமாகக் கடைசிவரை திருகி, மேலும் சில சுற்றுத் திருகினால், பின்தங்கிய கொக்கிகளும் வந்து சேர்ந்துகொள்ளும். விலை சிறிது கூடுதல். ஆனால் பழுது பார்க்க ஓர் ஆளைப் பஸ் ஏற்றி அனுப்பும் செலவைவிடக் குறைவு.

இரண்டாவது பிழை, பட்டையை முன்பின் மாற்றி மாட்டுவது. இதனைத் தடுக்கும் வல்லமை ஓடி செய்பவரிடம் இல்லை, நெசவாளரிடமே இருக்கிறது. வழி இரண்டு உண்டு. இருபுறமும் ஒன்றுபோல் தோன்றும் நெசவாக நெய்துவிட்டால் எப்படி மாட்டினாலும் சரியே. முன்புறம் வேறு பின்புறம் வேறாக உள்ள நெசவாயின், பட்டையின் ஒரு கரையோரம் மட்டும் பாவில் ஒரு வண்ண இழையை ஓடவிட வேண்டும். 'வண்ணக் கரை எல்லாம் இடப்பக்கம்' என்ற ஒரே வாக்கியம் போதும். படிக்கத் தெரியாதவரும் சரியாக மாட்டுவார். மாறிய பட்டை பத்தடித் தொலைவிலேயே தெரிந்துவிடும். முழுவதும் ஒன்றுபோலிருத்தல் அல்லது வேறுபாடு பளிச்சென்று தெரிதல் என்னும் இரண்டும் நல்லவை. ஏறக்குறைய ஒன்றுபோலிருப்பதே தொல்லை தருவது.

துணியில் கவனிக்க வேண்டியவை

விற்பனையிலுள்ள பட்டைகளிற் பல, விறைப்பேற்றிய பாலியெஸ்டர் துணியிலிருந்து வெட்டியவை. அத்துணியின் ஓரத்தை வெப்பத்தால் உருக்கி மூடலாம். பருத்தி உருகாது, வெட்டிய ஓரம் பிரியும். எனவே பருத்தியைப் பயன்படுத்தும் சங்கங்கள் குறுகிய அகலத்தில் இருபக்கமும் கரையோடு பட்டையாகவே நெய்வது உத்தமம். இயலாவிடில் ஓரம் பிரியாதபடி பசையேற்றிய பிறகே வெட்ட வேண்டும். கஞ்சிப்பசையின் விறைப்பு ஈரக்காற்றில் தளர்ந்துவிடும் என்பதையும் மறத்தலாகாது.

பாவின் திசை பட்டையின் நீளவாக்கில் அமைய வேண்டும். வெட்டுமுன் துணியை நனைத்து உலர்த்திச் சுருக்கத்தை எடுத்துவிட வேண்டும். நூற்றுக்கு மூன்று வீதம் சுருங்கும் துணியானால், 2,100 மில்லிமீட்டர் பட்டை 63 மில்லிமீட்டர் குறைந்துவிடும். விடுதியில் சில பட்டைகள் தரைக்கு எட்டாமல் போனதன் மர்மம் இதுவே. சுருக்கமெடுத்த துணியும் எடுக்காத துணியும் அங்கே கலந்து சென்றுவிட்டன. ஒரு ஜன்னலுக்குரிய பட்டைகள் யாவும் ஒரே பாவிலிருந்து, ஒரே அளவுகோலை வைத்து வெட்டப்பட வேண்டும்.

அளவும் சுவரும்

ஜன்னல் குழிவுக்குள் மாட்டும் திரைக்கு அகலத்தை மேலே, நடுவே, கீழே என மூன்றிடத்தில் அளந்து, மூன்றிலும் குறைந்ததைக் கொள்ள வேண்டும். உயரத்தையும் இடம், நடு, வலம் என அவ்வாறே அளக்க வேண்டும். சுவர்கள் நேராக இருக்குமென்று நம்பி ஓரிடத்தில் மட்டும் அளப்பது பெரும்பிழை. அளந்தவர் பெயரையும் தேதியையும் ஆர்டர் புத்தகத்தில் எழுதிக் கையொப்பம் பெறுவது பின்னால் எழும் வாதங்களைத் தவிர்க்கும்.

சட்டத்தைத் தாங்கும் பிடிகள், முதலில் சுவரில் திருகப்பட்டு, பின்னர் சட்டத்தை மேல்நோக்கி அழுத்தினால் 'டக்' கென்று கவ்விக்கொள்ளும் வில்பிடிகளாக இருப்பது நலம். ஏணிமேல் நிற்பவர் ஒரு கையால் நீண்ட சட்டத்தைத் தாங்கிக்கொண்டே மறு கையால் திருகாணி முடுக்கும் அபாயம் இதனால் நீங்கும். ஓடிகளையெல்லாம் சட்டத்திற்குள் கோத்துச் சோதித்த பிறகே சங்கத்திலிருந்து அனுப்ப வேண்டும். ஒரு ஜன்னலுக்கு ஒரு கட்டு. கட்டின்மேல் ஜன்னலின் எண். பிரித்தவுடன் முதலில் கைக்கு வருவன பிடிகளும் திருகாணிகளும், அடுத்துச் சட்டம், இறுதியில் பட்டைகள். மாட்டும் வரிசையே கட்டும் வரிசைக்குத் தலைகீழாக இருக்கட்டும்.

குழந்தைகள் பாதுகாப்பு

திரையை இயக்கத் தொங்கவிடும் வளையக் கயிறும் வளையச் சங்கிலியும் சிறு குழந்தைகளின் கழுத்தில் சிக்கி உயிரைப் பறித்த விபத்துகள் பல நாடுகளில் நேர்ந்துள்ளன. அமெரிக்காவில் கடைகளில் ஆயத்தமாக விற்கப்படும் திரைகளுக்கு 2018 இறுதியிலிருந்தும், அளவெடுத்துச் செய்யும் திரைகளுக்கு 2024 ஜூன் முதலும், தொங்கு கயிறுகள் பற்றிய தர விதிகள் கடுமையாக்கப்பட்டன. ஏற்றுமதியை நாடும் சங்கங்கள் இதனை அறிந்திருத்தல் அவசியம். கைக்கோலினாலேயே பட்டைகளைத் திருப்பவும் ஒதுக்கவும் செய்யலாமாதலால் வளையக் கயிறு வேண்டியதில்லை. ஓர் உறுப்பு குறைகிறது, மாட்டும் வேலை குறைகிறது, குழந்தையும் பிழைக்கிறது. அன்னிய நாட்டு விதிக்காக மட்டுமன்று, நம் வீட்டுக் குழந்தைகளுக்காகவும் இதனைக் கைக்கொள்ள வேண்டும்.

நிர்வாகக் குழுவினருக்கு ஒரு யோசனை

நாம் பார்த்த அடக்கவிலைக் கணக்குகளில் நூல், சாயம், கூலி, கட்டுமானம் யாவும் இடம்பெற்றிருந்தன. மாட்டுவதற்காகும் நேரம் எதிலும் இல்லை. எழுதப்படாத அச்செலவே பின்னர் வட்டியாகவும் வராத பாக்கியாகவும் பேரேட்டில் தலைகாட்டுகிறது.

ஆகவே புதிய மாதிரி எதையும் ஆர்டருக்கு அனுப்புமுன் ஒரு சோதனை செய்யலாம். ஒரு கட்டை, அதனை முன்பின் பார்த்திராத ஓர் அங்கத்தினரிடம் கொடுத்து, வாய்திறந்து ஒன்றும் சொல்லாமல், சங்கத்து ஜன்னலிலேயே மாட்டச் சொல்லுங்கள். கடிகாரத்தைப் பாருங்கள். அவர் கை எங்கே தயங்குகிறதோ அங்கேதான் வடிவமைப்பில் குறை இருக்கிறது. குறையை அவர்மேல் ஏற்றாமல் பொருளில் தேடுங்கள்.

மேற்சொன்ன சங்கத்தார் அவ்வாறே செய்தனர். விடுதிப் பட்டைகளைத் திரும்பப் பெற்று, நீளம் குறைந்தவற்றுக்குப் பதில் புதியன நெய்து, தகடும் எடையும் தைத்து, வண்ண இழைக்குப் பதிலாகக் கரையில் ஒரு தையல் ஓட்டி அனுப்பினர். மூத்த நெசவாளர் ஒருவரின் மகள், இதற்குமுன் ஏணி ஏறியறியாதவள், சோதனைக் கட்டைத் தானே பிரித்து ஒருவர் உதவியுமின்றி மாட்டி முடித்தாள். பாக்கி வசூலாயிற்று. கட்டிய வட்டி திரும்பவில்லை. அது பாடத்திற்குக் கொடுத்த கட்டணம். அக்கட்டணத்தை மற்றச் சங்கங்களும் செலுத்த வேண்டியதில்லை என்பதற்காகவே இதனை எழுதலானோம்.