சீட்டுப் பணத்தில் ஒரு கம்ப்யூட்டர்

ஸ்லோ லோக்கலில் ஏறி கிராண்ட் ரோடில் கிழக்குப் பக்கம் இறங்கினால், சிறிது நடையில் லாமிங்டன் ரோடு. பலகையில் டாக்டர் பட்கம்கர் மார்க் என்றிருக்கும். அந்தப் பெயரைச் சொல்லி யாரும் வழி கேட்பதில்லை.

வீட்டு பிளான் வரையும் தாராவித் தம்பி ஒருவர், சீட்டு எடுத்த பணத்தோடு அங்கே வந்திருந்தார். பழைய கம்ப்யூட்டரில் ஒரு படம் முழுசாக வர ராத்திரி பூராவும் ஆகிறதாம். காலையில் பார்ட்டி திருத்தம் சொன்னால் மறுபடி ஒரு ராத்திரி! கடைக்காரர் முதலில் காட்டியது கண்ணாடிப் பெட்டியும் கலர் விளக்கும். தம்பி அசையவில்லை. சாதா தகரப் பெட்டி போதும், மிச்சத்துக்கு ராம் 32 ஜிபி போடுங்கள் என்றார். கெட்டிக்காரர்.

பிளான் வரைய, பிராசஸரில் ஒரு கோரின் வேகமே முக்கியம். வரைந்ததை வெளிச்சம், நிழலோடு நிஜப் படமாக்கும் ரெண்டரிங் வேறு வேலை. அதற்குக் கோர்கள் எத்தனை என்பதே கணக்கு. இலவசமாகக் கிடைக்கும் பிளெண்டர் அதைக் கிராபிக்ஸ் கார்டிடமே ஒப்படைத்துவிடும். அப்போது கார்டின் சொந்த மெமரியைப் பாருங்கள். படத்தின் சரக்கு அதில் அடங்காவிட்டால் வேலை நொண்டும், அல்லது நின்றே போகும். 8 ஜிபியைவிட 12 ஜிபி நல்லது.

பவர் சப்ளையில் மிச்சம் பிடிக்க வேண்டாம். ரெண்டரிங்கில் மணிக்கணக்காக முழுச் சுமை. கூட்ஸ் வண்டிக்கு ஷன்டிங் இன்ஜின் மாட்டிய கதையாகிவிடும்.

பில் இல்லாமல் வாங்கினால் 18 சதவிகித ஜி.எஸ்.டி. மிச்சம் என்று ஆசை காட்டுவோர் உண்டு. கார்டு பழுதானால் உத்தரவாதம் கேட்க அந்தக் காகிதம்தான் கதி. ஒவ்வொரு சாமானின் சீரியல் நம்பரையும் அதில் எழுதி வாங்குங்கள்.