பரணில் கிடந்த ஆம்ப்ளிஃபையர்: ஒரு பக்கம் ஏன் பாடவில்லை?

பல வருஷம் சும்மா கிடந்த பழைய ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபையரைக் கீழே இறக்கியதும் எல்லாரும் செய்வது, பிளக்கைச் செருகி ஸ்விட்சைப் போட்டுப் பார்ப்பதுதான். தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீங்க.

காரணம், உள்ளே இருக்கும் எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்கள். அவற்றின் அலுமினியத் தாள்மேல் மிக மெல்லிய ஆக்சைடு படலம் ஒன்று இருக்கும். மின்சாரத்தைத் தடுத்து நிறுத்துவது அதுதான். வருஷக்கணக்கில் வோல்டேஜே படாமல் கிடந்தால் அந்தப் படலம் பலவீனமாகிவிடும். திடீரென்று முழு வோல்டேஜ் வந்தால் கசிவு கூடி, சூடாகி, வெடித்தாலும் வெடிக்கும். மெதுவாக ஏற்றினால் படலம் மறுபடி தேறிக்கொள்ளும்.

என்னிடம் வந்தது 1970-களின் கடைசியில் துபாயிலிருந்து சித்தப்பா கொண்டுவந்த ஜப்பான் செட். இருபது வருஷத்துக்கு மேல் பரணில் கிடந்தது. இடது பக்கம் பாடவில்லை. கடையில் காட்டியபோது, "அவுட்புட் டிரான்சிஸ்டர் போயிடுச்சு, மாத்தணும்" என்றார்களாம். எனக்கு அது உறுத்தியது. அந்த ரக டிரான்சிஸ்டர்கள் தயாரிப்பில் இல்லை. அதே நம்பர் போட்டு விற்பதில் போலி ஏராளம். நல்ல ஒரிஜினலைக் கழற்றிவிட்டுப் போலியை மாட்டினால் செட்டின் கதை முடிந்தது.

முதலில் பின்பக்க வோல்டேஜ் செலக்டரை 240-க்குத் திருப்பினேன். பிறகு 60 வாட் குண்டு பல்பு ஒன்றை சீரிஸில் போட்டு (எல்.இ.டி. பல்பு இதற்கு உதவாது), இரவல் வாங்கிய வேரியாக்கில் 60 வோல்டிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினேன். ஸ்பீக்கர் எதுவும் மாட்டவில்லை. பல்பு பளிச்சென்று எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே ஷார்ட் என்று அர்த்தம், உடனே நிறுத்திவிட வேண்டியதுதான். இங்கே லேசாகச் சிவந்ததோடு சரி. ஒரு மணி நேரம் கழித்துப் பல்பை எடுத்துவிட்டு முழு வோல்டேஜ் கொடுத்தேன். சில நொடிகளில் உள்ளே 'டிக்' என்றது.

அந்த 'டிக்' சத்தத்தை லேசாக நினைக்கக் கூடாது. அது ஸ்பீக்கர் ரிலே. அவுட்புட்டில் ஆபத்தான டி.சி. இருந்தால் பாதுகாப்பு சர்க்யூட் ரிலேவைச் சேரவே விடாது. டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆகியிருந்தால் இந்தச் சத்தமே வந்திருக்காது. ஸ்பீக்கர் டெர்மினலில் மல்டிமீட்டரை வைத்தேன்: வலது 18 மில்லிவோல்ட், இடது 23. பொதுவாக 50-க்குள் இருந்தால் கவலைப்பட வேண்டியதில்லை.

அப்படியானால் இடது பக்கச் சத்தம் எங்கே போனது? இன்புட் வயர்களை இடம் மாற்றினேன், அப்போதும் இடதுதான் ஊமை. ஸ்பீக்கர்களை மாற்றினேன், அதே கதை. ஹெட்போனில் கேட்டால் இரண்டு பக்கமும் அருமையாகப் பாடியது! இந்த செட்டில் ஹெட்போனுக்குப் போகும் லைன் ரிலேவுக்கு முன்னாலேயே பிரிகிறது. ஆக, கோளாறு ரிலேவில், இல்லாவிட்டால் அதற்குப் பின்னால் இருக்கும் ஸ்பீக்கர் செலக்டர் ஸ்விட்சில். வால்யூமை நன்றாகக் கூட்டியபோது இடது பக்கம் பட்டென்று உயிர் வந்தது, குறைத்ததும் மறுபடி போய்விட்டது. கான்டாக்டில் கருமை படிந்ததற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் வேண்டாம். சின்ன சிக்னலால் அந்தப் படிவைத் தாண்ட முடியாது, பெரிய சிக்னல் தாண்டிவிடும்.

மூடியைத் திறப்பவர்களுக்கு ஒன்று. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய கெப்பாசிட்டர்களில் சார்ஜ் நிற்கும். 1 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டரை நல்ல காப்புள்ள கிளிப்பில் பிடித்து இறக்கிவிட்டு, மீட்டரில் பார்த்த பிறகே கை வையுங்க. கெப்பாசிட்டர் அடியில் பழுப்பாக ஏதாவது தெரிந்தால் உடனே ஒழுகல் என்று முடிவுகட்டவும் வேண்டாம். அந்தக் கால ஜப்பான் செட்களில் கெப்பாசிட்டரை ஒட்ட வைத்த பசை அது. ஆனால் பழசானால் பக்கத்துக் கம்பிக் கால்களை அரிக்கும், அதனால் சுரண்டி எடுத்துவிடுவது நல்லது. நானும் எடுத்தேன்.

ரிலேவின் கான்டாக்ட்களை உப்புத்தாள் வைத்துத் தேய்க்கலாம் என்பார்கள். மேற்பூச்சு போய்விடும், சில மாதத்தில் அதே தொல்லை. 24 வோல்ட் காயிலும் அதே கால் அமைப்பும் கொண்ட புது ரிலேவே போட்டேன். செலக்டர் ஸ்விட்சுக்கும் கரகரத்த வால்யூம் கன்ட்ரோலுக்கும் கான்டாக்ட் கிளீனர் அடித்து, முப்பது தடவை முன்னும் பின்னும் திருப்பினேன். டிரான்சிஸ்டர் நாலும் பழையதேதான். பெரிய கெப்பாசிட்டர்களையும் மாற்றவில்லை. அளவு சரியாகக் காட்டுகிறது, ஹம் இல்லை. இரண்டு மணி நேரம் ஓடிய பிறகும் ஹீட்சிங்கைத் தாராளமாகத் தொட முடிகிறது.